எட்டுச் சாமான்கள்

நாங்கள் இருவர், ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவளுக்கு 52 வயது, இளையவனுக்கு 46. இந்த வயதில் வீடியோ கேம் ஆடினோம் என்று இலக்கியம் வாசிக்கிறவர்கள் நடுவே சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனாலும் 2024 அக்டோபரில், திருவேற்காட்டில் எங்கள் பெற்றோரின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த பதினோரு இரவுகளில் நாங்கள் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. இந்த ஓர் ஆட்டத்தைத்தான் ஆடினோம். ஆகவே எழுதுவதானால் இதைப்பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறோம். கருமாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கூவத்தின் பக்கமாக, அப்பா 1981இல் வாங்கிய மனை. முன்னறையில் அவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். ஆங்கில மெஷின் எட்டு, தமிழ் மெஷின் மூன்று. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலோ அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஒரு மேசையைப் பிடித்துவிட வேண்டும் என்று லோயர், ஹையர் எழுத வந்த பிள்ளைகளின் தட்டல் சத்தத்தில்தான் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதினோம், தூங்கினோம், சண்டையிட்டோம். கணினி வந்து அந்தச் சத்தத்தை நிறுத்தியது. பத்து மெஷின்கள் எடைக்குப் போயின. ஒரு ரெமிங்டன் மட்டும் துணி போர்த்தி மூலையில் இருந்தது. அப்பா 2011இல் போனார். அம்மா 2023 ஐப்பசியில். முதல் திதி முடியும்வரை வீட்டில் கைவைக்கக்கூடாது என்றிருந்தோம். பிறகு வாங்குகிறவர் அவசரப்பட்டார். அவர் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார். அதில் எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

காலி செய்யவேண்டிய சாமான்களில் ஒன்று, மூத்தவளுடைய மகனின் பிளேஸ்டேஷன். 2020 ஊரடங்கில் இணையவழி வகுப்புக்குத் தனி அறை வேண்டுமென்று அவனைப் பாட்டி வீட்டில் விட்டிருந்தோம். இப்போது கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். பெட்டியை எடுத்து வைக்கலாமா என்று கேட்கப் போன் செய்தபோது, "எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி ஆடிப் பாருங்க மாமா. அந்த வீட்டு கேம். மழைல வெளிய போக முடியாதுல்ல" என்றான். அன்று அக்டோபர் 15. சென்னை முழுவதற்கும் பலத்த மழை எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். இளையவன் ஓசூருக்கும் மூத்தவள் அம்பத்தூருக்கும் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினோம்.

ஆட்டத்தின் பெயர் ஜப்பானில் 'பயோஹசார்ட்', பிற நாடுகளில் 'ரெசிடென்ட் ஈவில்'. வீட்டில் குடியிருக்கும் தீமை என்று பெயர்க்கலாம். கேப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்டது. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. 2002இல் அவரே அதை முற்றிலும் புதிதாகத் திரும்பச் செய்தார். அதன் துலக்கப்பட்ட பதிப்பு 2015இல் வந்தது. எங்கள் கைக்குக் கிடைத்தது அதுதான். இவ்வகை ஆட்டங்களுக்கு உயிர்பிழைக்கும் திகில் என்ற பெயர் நிலைபெற்றதே இந்த ஆட்டத்தால்தான். ஆனால் முன்னோடிகள் உண்டு. 1989இல் அதே நிறுவனம் 'ஸ்வீட் ஹோம்' என்றொரு ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்டது. கியோஷி குரோசாவா அதே ஆண்டு எடுத்த திரைப்படத்தைத் தழுவியது. பயோஹசார்ட் அந்த ஆட்டத்தை மறுபடி செய்வதாகத்தான் தொடங்கப்பட்டதாம். 1992இல் பிரான்சிலிருந்து 'அலோன் இன் த டார்க்' வந்தது. மூன்றிலும் பாழடைந்த பெரிய வீடுகள். இனிய இல்லம் என்று பேய்வீட்டுக்குப் பெயர் வைத்தவரின் குறும்பு எங்களுக்குப் பிடித்திருந்தது.

கதை எளிது. 1998 ஜூலை. ஒரு மலைக்காட்டில் காணாமற்போன சகாக்களைத் தேடிவந்த காவல் குழு, நாய்களால் துரத்தப்பட்டு ஒரு மாளிகைக்குள் தஞ்சம் புகுகிறது. மாளிகையில் இறந்தவர்கள் நடமாடுகிறார்கள். தமிழில் 'மிருதன்' 2016இல் வந்து நடைப்பிணத்தை அறிமுகம் செய்துவிட்டதால் விளக்கம் வேண்டியதில்லை. தொடங்குமுன் ஆட்டம் நம்மை ஒரு கேள்வி கேட்கிறது: உனக்கு ஆட்டம் என்பது மலையேற்றம் போன்றதா, சிறு நடைப்பயணம் போன்றதா? நடைப்பயணம் என்றோம். பொய் சொன்னார்கள், அதுவும் மலையேற்றம்தான்.

முதல் ஒரு மணி நேரம் நாங்கள் பேய்க்குப் பயப்படவில்லை. சுவரோடுதான் போராடினோம். முன்னே போகச் சொன்னால் அந்தப் பெண், ஜில் என்று பெயர், சுவரை முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தாள். இளையவன் கன்ட்ரோலரைக் குனிந்து பார்த்து எது வட்டம், எது பெருக்கல் குறி என்று தேடுவதற்குள் அவள் கழுத்தை யாராவது கடித்திருப்பார்கள். போனில் மருமகன் சிரித்தான்.

"கையப் பாக்காதீங்க மாமா. திரையைப் பாருங்க."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கையைப் பார்க்காதே, தாளைப் பார் என்று அப்பா அதே அறையில் சொல்லாத நாள் இல்லை. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று தொடங்கும் முதல் பாடத்தில், எட்டிப் பார்க்கிற பிள்ளைகளின் விரல்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவார். மூத்தவள் சமையலறைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து இளையவனின் கைமேல் போட்டாள். அரை மணி நேரத்தில் ஜில் ஒழுங்காக நடக்கத் தொடங்கினாள்.

முதல் பிணம் எல்லாருக்கும் நினைவிருக்குமாம். நீண்ட உணவு மேசையும் கடிகாரத்தின் டிக் டிக்கும் உள்ள அறையைத் தாண்டி ஒரு நடை. அதன் முனையில் ஒருவன் குனிந்து எதையோ செய்துகொண்டிருக்கிறான். நம் காலடி கேட்டு மெல்லத் தலையைத் திருப்புகிறான். அவ்வளவுதான். அம்மாவும் அப்பாவும் 1967இல் 'அதே கண்கள்' பார்த்துவிட்டு இரவு விளக்கை அணைக்காமல் படுத்த கதையைச் சொல்வார்கள். அந்தக் கதை எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. அவன் பாய்ந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். சாப்பிடும்போது தொந்தரவு செய்யப்பட்ட ஒருவனுடைய அலுப்புடன் திரும்பினான். (நம்முடைய பேய்களும் பசித்தவைதாம். கலிங்கத்துப்பரணியில் அவை காளியிடம் பசியைத்தான் முறையிடுகின்றன, பிறகு போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. ஆடியில் கூழ் ஊற்றும் ஊரில் வளர்ந்தவர்களுக்குப் பசித்த பிணம் அவ்வளவு அந்நியமாகப் படவில்லை.)

இரண்டாம் இரவுதான் கதவுகளைக் கவனித்தோம். ஒவ்வொரு கதவைத் தொடும்போதும் திரை இருண்டு, கதவு மட்டும் தனியே தோன்றி, மெல்லத் திறந்து, நம்மை விழுங்குகிறது. அழகியல் என்று நினைத்தோம். 1996இன் இயந்திரம் வட்டிலிருந்து அடுத்த அறையைப் படித்து முடிப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அது என்று பின்னர் தெரிந்தது. காத்திருக்க வேண்டிய நேரத்தை அச்சமாக மாற்றியிருக்கிறார்கள். 1999இல் வந்த 'சைலன்ட் ஹில்' என்னும் ஆட்டத்தின் புகழ்பெற்ற மூடுபனியும் இப்படித்தான். தூரத்துக் காட்சியை வரைய அந்த இயந்திரத்துக்கு வலு போதாது, ஆகவே ஊரைப் பனியால் மூடினார்கள். இல்லாமையிலிருந்து கலையை எடுக்கும் இந்த வித்தையை யாப்பில் எழுதியவர்கள் அறிவார்கள். காட்சிக் கோணமும் நம் வசத்தில் இல்லை. கூரை மூலையிலிருந்தோ நிலைக்கண்ணாடிக்குப் பின்னிருந்தோ அந்த வீடு நம்மைப் பார்க்கிறது. வளைவுக்கு அப்பால் யாரோ காலை இழுத்து நடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கள் வீட்டுப் பின்கதவும் மழையில் ஊறி அப்படித்தான் முனகித் திறந்தது. அந்தப் பதினோரு நாளில் அதை நாங்கள் தனியாகத் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இந்த ஆட்டத்தின் உயிர் பேயில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஜில்லால் எட்டுச் சாமான்களைத்தான் சுமக்க முடியும். (அவளுக்குப் பதிலாகக் கிறிஸ் என்ற ஆணைத் தேர்ந்தெடுத்தால் ஆறுதான். மூத்தவள் இதற்கு எந்த விளக்கமும் கேட்கவில்லை; நியாயம்தானே என்றாள்.) துப்பாக்கிக்கு ஓரிடம், தோட்டாவுக்கு ஓரிடம், பச்சிலைக்கு ஓரிடம், சாவிக்கு ஓரிடம். எட்டும் நிறைந்தபின் கண்முன்னே கிடக்கும் மருந்தை எடுக்க முடியாது. ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும், பெட்டி மூன்று நடைக்கு அப்பால், நடைகளில் பிணங்கள். தோட்டா எண்ணிக்கையில் வருகிறது. ஒரு பிணத்துக்கு ஐந்தாறு தோட்டா செலவழித்தால் அடுத்ததற்கு மிஞ்சாது. ஆகவே, "சுடாதீங்க, பக்கத்துல பூந்து ஓடுங்க" என்பதே மருமகனின் ஓயாத உபதேசம்.

பகலில் நாங்கள் செய்துகொண்டிருந்ததும் இதே வேலை. மூத்தவளின் வீடு இரண்டு அறை. இளையவனுடையது வாடகை வீடு. மூன்று தலைமுறைச் சாமானில் எதை எடுப்பது? மூன்றாம் நாள் காலை, ஆளுக்கு எட்டு என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டோம். மாலைக்குள் அது விளையாட்டாக இல்லை. தையல் மெஷின், பித்தளை அண்டா, ஊஞ்சல் பலகை, அப்பாவின் ரெமிங்டன் என்று இருவரும் ஒரே பொருள்களை நோக்கிப் போனோம். ரெமிங்டனுக்காக நாங்கள் பேசிய வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. அன்றிரவு ஒரு மணி நேரம் பேசாமலே ஆடினோம். ஒருவர் கன்ட்ரோலர், மற்றவர் வரைபடம்.

வரைபடத்தையும் சொல்ல வேண்டும். ஓர் அறையில் எடுக்க வேண்டியது இன்னும் மிச்சமிருந்தால் வரைபடத்தில் அது சிவப்பு. எல்லாம் எடுத்தாயிற்று என்றால் பச்சை. மூத்தவள் பழைய தினசரிக் காலண்டர் அட்டையின் பின்புறம் எங்கள் வீட்டை வரைந்து, பேரனின் வண்ணப் பென்சிலால் தீட்டத் தொடங்கினாள். சமையலறை பச்சை. பூசையறை பச்சை. அம்மாவின் அறையை இருவரும் கடைசிக்கு ஒதுக்கியிருந்தோம்.

இனி டைப்ரைட்டர். இந்த மாளிகையில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரே வழி, சில அறைகளில் இருக்கும் தட்டச்சுப் பொறிக்குப் போவது. போனாலும் போதாது, மை ரிப்பன் வேண்டும். ஒருமுறை சேமிக்க ஒரு ரிப்பன். அவையும் எண்ணிக்கையில்தான் கிடைக்கின்றன. கறுப்பு மேசைமேல் அந்தப் பொறியை முதன்முதலாகப் பார்த்தபோது இருவரும் சத்தமாகச் சிரித்தோம். காவல் தெய்வம்போல் உட்கார்ந்திருந்தது. அந்த அறைகளில் பிணங்கள் வருவதில்லை. மெல்லிய, சற்றுச் சோகமான இசை ஒன்று சுழன்று சுழன்று ஒலிக்கிறது.

அப்பாவிடம் ரிப்பன் பயிற்சி பெற்றவர்கள் நாங்கள். கறுப்பும் சிவப்புமான ரிப்பனை ஒருபுறம் தேய்ந்ததும் திருப்பிப் போடுவார். அதுவும் வெளுத்தபின் கீழ்வகுப்புப் பிள்ளைகளின் மெஷினுக்கு மாற்றுவார். புதிய ரிப்பன் தேர்வுக்காலத்தில் மட்டும். ஆகவே நாங்களும் அப்படியே ஆடினோம். இப்போது சேமிக்க வேண்டாம், இன்னும் கொஞ்ச தூரம் போகலாம், அடுத்த அறையில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியில் ரிப்பன் ஐந்து சேர்ந்தது. நான்காம் இரவு, இரண்டு மணி நேரம் சேமிக்காமல் நடந்த பிறகு, ஏற்கெனவே கடந்துபோன ஒரு நடையில் செத்துப்போனோம்.

எப்படி என்பதைச் சொன்னால்தான் அந்த அநியாயம் விளங்கும். முதல் நாள் அந்த நடையில் ஒருவனைச் சுட்டு வீழ்த்தியிருந்தோம். அவன் அங்கேயே கிடந்தான், பலமுறை தாண்டிப் போனோம், பழகிவிட்டது. 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்ட விதி ஒன்றுண்டு: தலை சிதறாமலும் எரிக்கப்படாமலும் விட்ட பிணம் சிறிது காலம் கழித்துச் சிவந்த தலையுடன் எழும், நடக்காது, ஓடிவரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். குடுவையில் ஒருமுறை நிரப்பினால் இரண்டு பிணத்துக்குத்தான் வரும்; நிரப்புமிடங்களும் சிலவே. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அளவு புரிந்தது. விதியை மட்டும் மருமகன் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருந்தான். சுடாத பிணம் திரும்பிவரும் என்று ஜப்பானியர் ஒருவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததா என்று நொந்துகொண்டோம்.

திரையில் செத்ததாக எழுத்து வந்தது. ஐந்து ரிப்பனும் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அந்த இரண்டு மணி நேரமும் போயிற்று. இளையவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிட்டவுட்டில் உட்கார்ந்தான். மூத்தவள் விளக்கைப் போடாமலே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவன் சொன்னான்: "அம்மா செத்த அன்னிக்கு எனக்குப் பதினேழு நாள் லீவு மிச்சம் இருந்துச்சுக்கா."

இதை எழுதுவதா வேண்டாமா என்று இருவரும் யோசித்தோம். எழுதலாம் என்றே முடிவு செய்தோம். அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் ஐந்து மாதம் அம்பத்தூரில் மூத்தவளின் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு வாரமும் ஒன்றே கேட்டார்: ஒருநாள் திருவேற்காட்டுக்குக் கூட்டிப்போங்கள், வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. மூத்தவளால் தனியாகத் தூக்கி வண்டியில் வைக்க முடியாது. இளையவன் வரவேண்டும். அவன் லீவைச் சேர்த்துக்கொண்டிருந்தான். கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவந்தால் வேண்டுமே என்று. காரணம் தவறென்று யாரும் சொல்ல முடியாது. மூத்தவளும் அவசரப்படுத்தவில்லை, அவளுக்கும், மழை நிற்கட்டும், பையனின் பரீட்சை முடியட்டும் என்று காரணங்கள் இருந்தன. அம்மா ஒரு விடிகாலையில் யாருக்கும் வேலை வைக்காமல் போய்விட்டார்.

மறுநாள் இரவு ஆட்டத்தைத் தொட மாட்டோம் என்றுதான் நினைத்தோம். ஒன்பது மணிக்கு இருவரும் தொலைக்காட்சிக்கு முன் இருந்தோம். ஏன் என்று இன்றும் தெளிவாகச் சொல்ல இயலாது. அந்த வீட்டை இதற்குள் நன்றாகத் தெரிந்திருந்தது. அது ஒரு காரணம். எந்த நடையில் எத்தனை பேர், எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, எங்கே பச்சிலைத் தொட்டி. முதலிரவு நடுங்கிப் போன உணவறையில் இப்போது அடுப்பங்கரையில் போவதுபோல் போய்வந்தோம். ஒரு சாவியால் திறக்கவேண்டிய கதவுகளை எல்லாம் திறந்துமுடித்ததும், இது இனி வேண்டியதில்லை, எறிந்துவிடலாமா என்று ஆட்டம் கேட்கிறது. மூத்தவள் இல்லை என்று பலமுறை அழுத்தினாள். இடத்தை அடைக்கிறது என்று இளையவன் சொல்லிச் சொல்லி, ஒருவழியாக எறிந்தாள்.

வாசகர்களுக்கென்று ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மாளிகையின் ஓர் அறையில் ஒரு நாட்குறிப்பு கிடைக்கிறது. விலங்குகளைக் காத்த வேலையாள் ஒருவன் எழுதியது. முதலில் சகாக்களுடன் சீட்டாடியதைப் பற்றி முழு வாக்கியங்களில் எழுதுகிறான். பிறகு உடம்பில் அரிப்பு என்கிறான். நாள் ஆக ஆக வாக்கியம் குறுகி, எழுவாய் உதிர்ந்து, பயனிலை உதிர்ந்து, கடைசிப் பதிவில் ஒன்றிரண்டு சொற்களே எஞ்சுகின்றன. அந்த அறையில் அவனே இருக்கிறான். மொழி ஒருவனைவிட்டுப் போவதை இத்தனை சிக்கனமாகக் காட்டிய சிறுகதைகள் குறைவென்றே எங்களுக்குத் தோன்றுகிறது. மிகை என்று நினைப்பவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

எங்கள் ஊரின் நாயனாரும் ஓர் ஆட்டக்காரர்தான் என்பது ஆறாம் இரவு நினைவுக்கு வந்தது. பெரியபுராணம் சொல்லும் மூர்க்க நாயனார் திருவேற்காட்டில் பிறந்தவர். அடியார்களுக்கு அன்னமிட்டே சொத்தைத் தீர்த்து, பிறகு முன்பு கற்றிருந்த சூதை ஆடிப் பொருள் தேடியவர். உள்ளூரில் அவரோடு ஆட ஆளில்லாமற்போக ஊர் ஊராகப் போய்க் குடந்தையை அடைந்தார். முதல் ஆட்டத்தில் தோற்பார், பின்னர் வெல்வார், பேச்சு மாறுகிறவனைச் சுரிகையால் குத்துவார். வென்ற பொருளைத் தன் கையால் தீண்டாமல் சமைப்பவர்களிடம் சேர்ப்பார். வேதபுரீசுவரர் கோயிலில் அவர் சிலைக்கு முன் நின்று, சூதாடிக்கு எதற்கம்மா கும்பிடு என்று கேட்ட இளையவனுக்கு, "அவரு எதையும் மிச்சம் வைக்கல, அதான்" என்று அம்மா பதில் சொன்னார். அப்போது அவனுக்கு எட்டு வயது. அம்மா பிற்காலத்தில் ஒரு பால்பாக்கெட் உறையைக்கூடக் கழுவி மடித்து வைத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பத்தாம் நாள் அம்மாவின் அறையைத் திறந்தோம். பீரோவின் மேல்தட்டில் பத்தொன்பது புடவைகள், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் நாங்களே எடுத்துக் கொடுத்தவை. நல்லநாளுக்கு உடுத்திக்கொள்கிறேன் என்பார். இளையவனின் முதல் சம்பளத்தில் வாங்கிய மிக்ஸி அட்டைப்பெட்டியோடு. அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் தேர்வுக்காலத்துக்கென்று அப்பா வாங்கி எஞ்சிய ரிப்பன்கள், பிரிக்காமல், ஆறு. ஒன்றைப் பிரித்து ரெமிங்டனில் மாட்டிப் பார்த்தோம். மை உலர்ந்து போயிருந்தது. எழுத்து பள்ளமாக மட்டும் விழுந்தது.

அன்றிரவு இதையெல்லாம் மருமகனிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பாட்டி இந்த கேம் பாத்திருக்காங்க, தெரியுமா?" என்றான்.

தெரியாது. ஊரடங்கில் இரவு அவன் ஆடும்போது அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். அந்தக் கதவைத் திறக்காதே என்பாராம். பிணங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. பாவம், சோறு கிடைக்கலபோல என்பாராம். டைப்ரைட்டர் அறை வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்.

"நான் ரிப்பனை மிச்சம் பிடிப்பேன் மாமா. பாட்டி விடமாட்டாங்க. 'போட்டு அடிச்சு வைடா, இருக்கும்போது போடு'ம்பாங்க. அந்த ரூம் பாட்டு அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆடலைன்னாலும் அங்க கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுவாங்க. ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம். சில நாள் அப்படியே தூங்கிடுவாங்க."

ஆட்டத்தை நாங்கள் முடிக்கவில்லை. மாளிகைக்கு வெளியே காட்டில் ஒரு குடிசை இருக்கிறதாம். தாயைத் தேடிப் பல்லாண்டாக அலையும் ஒரு மகள், சங்கிலி இழுபட, அங்கே வருவாளாம்; அவளைத் தோட்டாவால் கொல்ல முடியாதாம். அதுவும் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் மிகாமி குழுவினர் சேர்த்ததே. படித்துத் தெரிந்துகொண்டோம், போகவில்லை.

பதினோராம் இரவு ஜில்லை டைப்ரைட்டர் அறைக்குக் கூட்டிவந்தோம். வழியில் இருவரைச் சுட்டோம், தோட்டாவை எண்ணவில்லை. ஒரு ரிப்பனைப் போட்டுச் சேமித்தோம். பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து, மிச்சமிருந்த சாமான்களைக் கட்டத் தொடங்கினோம். ரெமிங்டன் மூத்தவளுக்கு, பிஸ்கட் டப்பா இளையவனுக்கு என்று பேசாமலே ஆயிற்று. புடவைகளில் இரண்டை மூத்தவள் எடுத்துக்கொண்டாள். மற்றவை எதிர்வீட்டுக்கும் பூக்காரம்மாவுக்கும். காலண்டர் அட்டையில் கடைசி அறையைப் பச்சையாகத் தீட்ட மறந்துவிட்டோம்.

காலை ஏழு மணிக்குக் குட்டியானை வண்டி வந்தது. தொலைக்காட்சியைக் கடைசியாகக் கழற்றினோம்.